நண்டுக்கு ஆட்சேபணை இல்லை

நண்டின் இடது கண்ணைக் கோழி கொத்தித் தின்றபோது குழந்தைராஜ் கையில் காப்பி டம்ளரோடு கொல்லைப்புற வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வலது கண்ணும் போய்விட்டது. இரண்டுமே கடுகு.

"விண்ணரசி, உன் கோழி என் கதாநாயகனைக் குருடாக்கிடுச்சு" என்றார்.

"கடுகைக் கொண்டுபோய்க் கொல்லையில வச்சா கோழி திங்காம கும்பிடவா செய்யும்?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் வந்தது. "டப்பாவுல இன்னும் இருக்கு. எடுத்து ஒட்டுங்க. தாளிக்கக் கொஞ்சம் மிச்சம் வைங்க."

குழந்தைராஜ் பூதலூரில் ஓவிய வாத்தியார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். களிமண் பொம்மையை வைத்து ஒரு போட்டோ எடுப்பது, பொம்மையை ஒரு நெல் அளவு நகர்த்தி இன்னொரு போட்டோ எடுப்பது, இப்படிப் பன்னிரண்டு போட்டோவைச் சேர்த்து ஓட்டினால் பொம்மை ஒரே ஒரு விநாடி நடக்கும். படத்தின் பெயர் 'கடைமடை நண்டு'. நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை வயலில் தண்ணீர் வராமல் தவிக்கிற ஒரு நண்டு, தண்ணீரை அடைத்தது யார் என்று கேட்பதற்காக வாய்க்கால் வாய்க்காலாக மேற்கே நடந்து வருகிற சாகசக் கதை. வழியில் கொக்கு துரத்தும், நத்தை துணைக்கு வரும். கொக்கின் இறக்கை பழைய டூத் பிரஷ். நத்தையின் ஓடு சோடா மூடி. காவிரி என்பது தஞ்சாவூர் கீழவாசலில் வாங்கிய நீலக் கண்ணாடித் தாள், எட்டு மீட்டர்.

அந்தக் காவிரி மூன்று வருஷமும் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல்தான் ஓடியது. விண்ணரசி தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடப் படத்தில் கடைசி இருபது விநாடிதான் பாக்கி. நண்டு மதகைத் திறந்துவிட்டு, வருகிற தண்ணீருக்கு முன்னால் காய்ந்த மண்ணில் ஓட வேண்டும். இருநூற்று நாற்பது போட்டோ. தஞ்சாவூரில் குடும்பங்களுக்கான குறும்பட விழா ஒன்று நடக்கவிருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு மாம்பழமும் குடமும் வரையக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, தான் செய்த ஒன்று பெரிய திரையில் ஓட வேண்டும், ஊர் பேர் தெரியாத நாலு பேர் அதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஆசையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. விடவும் முடியவில்லை.

கோழி உலவுகிற கொல்லையில் இனி வேலை நடக்காது. கண்ணை ஒட்டி, நண்டை எவர்சில்வர் தூக்கில் பத்திரமாக வைத்து, மொபெட்டில் நடுவாய்க்கால் கிராமத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே இளையபெருமாளின் வயல் சும்மா கிடந்தது. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்ததால் மண் வெடித்துக் கிடந்தது. படத்துக்கு அதுதான் வேண்டும். இளையபெருமாளின் இரண்டு பெண்களும் குழந்தைராஜிடம் படித்தவர்கள். "ரெண்டு நாளு என்னங்க சார், ரெண்டு மாசம்கூட எடுத்துக்கங்க" என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். அவருடைய அப்பா கூலிக்கு அறுத்த வயல் அது. கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் என்று இருபத்திரண்டு வருஷம் அலைந்து பட்டா வாங்கிய ஒன்றரை ஏக்கர். இளையபெருமாள் அன்று ஊரில் இல்லை, நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

குழந்தைராஜ் வரப்போரமாக முக்காலியை ஊன்றி அதன் மேல் செல்போனை மாட்டினார். நண்டு ஓடும் பாதையை டேப் வைத்து அளந்து, அடிக்கு ஒன்றாக ஆறு குச்சிகளைப் படத்தில் விழாத ஓரத்தில் நட்டார். குச்சி கண்ணுக்குத் தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்புக் காகிதம் ஒட்டினார். வெயிலுக்கு ஒரு தொப்பியும் போட்டுக்கொண்டார். எட்டரை மணிக்கு முதல் போட்டோ. ஒன்பதே முக்காலுக்கு நண்டு இரண்டு விநாடி ஓடியிருந்தது. இடுப்பு வலித்தது, மனசு நிறைந்திருந்தது.

அந்த வருஷம் டெல்டா முழுக்கக் குழாய்ப் பேச்சு. பூமிக்கு அடியிலிருந்து வாயு எடுக்கப் போகிறார்கள், வயலுக்கு நடுவே குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அளக்க வருகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாருக்கும் தெரியும். தலையில் தொப்பி இருக்கும், கையில் டேப் இருக்கும், மூன்று காலில் ஒரு மிஷின் நிற்கும், தரையில் சிவப்புக் கொடி இருக்கும். குழந்தைராஜிடம் நான்கும் இருந்தன.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன வேம்பு வரப்பில் நின்றார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவி. இருபது வயதில் கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஜீப்பைக் கண்டும் ஒதுங்கி நின்றதில்லை.

"வாத்தியாரே, என்ன அளக்குறீங்க?"

"அளக்கலீங்கக்கா. படம் எடுக்குறேன்."

"யாரை?"

"நண்டை."

வேம்பு நண்டைப் பார்த்தார். கொடிகளை எண்ணினார். "நண்டுக்கு எதுக்குங்க டேப்பு?"

"ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நகரணும்ல. இல்லேன்னா நடை குதிக்கும்."

"காலையிலேர்ந்து எவ்வளவு எடுத்தீங்க?"

"ரெண்டு விநாடி."

"மணி பத்தாவப் போவுது."

"ஆமாங்க. இன்னிக்கு வேகமாத்தான் போயிட்டிருக்கு."

வேம்பு மேற்கொண்டு வாதாடவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "எல்லாரும் இளையபெருமாளு வயலுக்கு வாங்க. அளக்க வந்துட்டாங்க. நம்ம வாத்தியாரையே வேலைக்குப் புடிச்சுப் போட்டிருக்காங்க."

அரை மணி நேரத்தில் அறுபது பேர் வயலைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் நிழல் நண்டின் மேல் விழுந்தது.

"கதை எழுதி வச்சிருக்கேங்க, படிச்சுப் பாருங்க" என்று குழந்தைராஜ் நோட்டை நீட்டினார். கண்ணாடி போட்ட ஒருவர் வாங்கி உரக்கப் படித்தார். "காட்சி நாற்பத்தொன்று. இளையபெருமாள் வயல். குழாய் வழியாக உள்ளே நுழைகிறது. நிலம் அதிர்கிறது. ஊரே வெளியே ஓடி வருகிறது."

கூட்டத்தில் தலைகள் நோட்டுப் பக்கம் நெருங்கின.

"குழாயின்னு எழுதியே வச்சிருக்காரு" என்றார் ஒருவர்.

"அது வரப்புக்கு அடியில இருக்குற மதகுக் குழாய்ங்க. ஓடி வர்றது நண்டுங்க. ஊருன்னா நண்டுங்க ஊரு."

"நிலம் அதிருதுன்னு போட்டிருக்கே, அதையும் நண்டா செய்யுது?"

அந்த நேரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தப்புச் செய்யாத மனிதனுக்குத்தான் பையில் இருக்கிற காகிதத்தையெல்லாம் எடுத்துக் காட்டத் தோன்றும். விழாக்காரர்கள், படம் எடுத்த இடத்தின் சொந்தக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். காகிதம் முறையாக இருக்கட்டும் என்று பூதலூர் பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தார். பத்திர எழுத்தருக்கு நண்டைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார்.

கண்ணாடிக்காரர் அதையும் படித்தார். "சர்வே எண் 114-ல் இரண்டாம் உட்பிரிவில் அடங்கிய என் பட்டா நிலத்தை மேற்படியார் மேற்படி பணிக்குப் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது. இப்படிக்கு, இளையபெருமாள்."

வேம்புவின் முகம் வாடிவிட்டது. "இளையபெருமாளா எழுதிக் குடுத்தான்?"

உடனே நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டார்கள். இளையபெருமாள் பந்தியில் உட்கார்ந்திருந்தார். "ஆமாக்கா, நாந்தான் கையெழுத்துப் போட்டேன். வாத்தியாரு கேட்டாரு, போட்டுக் குடுத்தேன். ஏங்க்கா, உங்க வயலும் வேணுமின்றாரா?"

அந்தப் பேச்சு ஸ்பீக்கரில் அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் போக மாட்டேன்" என்றார். குழந்தைராஜ் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தன் படம் நின்றுபோனால்கூடப் போகட்டும், ஒரு களிமண் நண்டினால் நல்ல மனிதர் ஒருவரின் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறதே என்று துடித்தார். அரசாங்க மனுஷர் ஒருவர் வந்து சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்து வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்தார். அன்றைய தவறுகளில் அதுதான் பெரியது.

வி.ஏ.ஓ. பைக்கை நிறுத்தாமலே காலை ஊன்றிக்கொண்டு பேசினார். "இது சர்வேயே கிடையாது. அப்படி எந்தத் திட்டமும் இந்தக் கிராமத்துக்கு இல்லை. யாரும் பயப்பட வேண்டாம்."

அதுவரை கூட்டத்தில் பத்துப் பேராவது வாத்தியாரை நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் இப்போது வேம்பு பக்கம் நகர்ந்து நின்றார்கள்.

"ரோட்டுக்கு நெலம் எடுத்தப்பவும் இதே வரப்புல நின்னு இதையேதாங்க சொன்னாரு" என்றார் வேம்பு. "ஷாமியானாவுக்குச் சொல்லுங்கப்பா."

ஷாமியானா வந்தது. ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வந்து, குழாய்த் திட்டத்தைக் கொண்டுவந்ததே எதிர்க்கட்சியின் பழைய ஆட்சிதான் என்று மைக்கில் சொன்னார். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் வந்து, அதை நடத்தி முடிக்கப் பார்ப்பது இவர்கள் ஆட்சிதான் என்றார். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். ஆறு கொடி இருந்த வயலில் இப்போது நாற்பது கொடி இருந்தது. பெரிய அண்டாவில் தக்காளிச் சாதம் கொதித்தது. கூட்டம் இருநூறைத் தாண்டிவிட்டது. நடுவில் குழந்தைராஜ் நண்டுக்குக் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். களிமண் வெயிலில் விரிசல் விடும்.

பன்னிரண்டு மணிக்குத் தாசில்தாரின் ஜீப் வந்து நின்றது. யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை, அரசாங்கம் இவ்வளவு சுருக்காக வந்து அந்த ஊர் பார்த்ததில்லை. தாசில்தார் இறங்காமல் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டிரைவர் துரைராசுவிடம் ஏதோ சொன்னார். அப்புறம் மெல்ல இறங்கினார்.

"என்ன கூட்டம் இது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார் வேம்பு.

தாசில்தார் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "தெரியாம என்ன. அமைதிப் பேச்சுவார்த்தைக்குத்தான் வந்தேன்."

தஞ்சாவூர்ச் சீமையில் கூலித் தகராறோ குத்தகைத் தகராறோ எதுவாக இருந்தாலும், தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்து வி.ஏ.ஓ. எழுத ஆரம்பித்தார்.

"நண்டு எந்தச் சூழ்நிலையிலும் வரப்பைத் தாண்டக் கூடாது" என்றார் வேம்பு. எழுதப்பட்டது.

"நண்டு ஓடும்போதெல்லாம் பொதுமக்கள் தரப்புல அஞ்சு பேரு கூட இருப்பாங்க." எழுதப்பட்டது.

"கொடியெல்லாம் பொழுது சாயப் புடுங்கிடணும்." அதுவும் எழுதப்பட்டது.

"அவ்வளவுதானம்மா?" என்றார் தாசில்தார் அவசரமாக.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. ஊர்க் கூட்டம் போட்டுச் சம்மதம் கேக்காம இந்தக் கிராமத்துல எந்த அளவு வேலையும் நடக்காதுன்னு எழுதுங்க."

தாசில்தார் கையை நீட்டி வி.ஏ.ஓ.வின் பேனாவை நிறுத்தினார். "இது நண்டு விஷயம். அதை ஏம்மா இதுல சேர்க்குறீங்க?"

"சர்வேயே இல்லேன்னுதான எல்லாரும் சொல்றீங்க. இல்லாத ஒண்ணுக்குக் கையெழுத்துப் போட என்னங்க கஷ்டம்?"

பின்னால் இருநூறு பேர் எழுந்து நின்றார்கள். தாசில்தார் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். பொதுமக்கள் தரப்பில் வேம்பு கையெழுத்திட்டார். நண்டு தரப்பில் குழந்தைராஜ் கையெழுத்திட்டார். கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் தாசில்தார் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு இளையபெருமாள் பட்டு வேட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். பந்தியில் பாதியில் எழுந்தவர். "இந்த மண்ணை நான் விப்பனாக்கா? எங்கப்பா இதுல கெடந்துதானக்கா செத்தாரு" என்று வேம்பு முன்னால் போய் நின்றார். வேம்பு அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். குழந்தைராஜ் எழுந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

"அதை விடுங்க சார்" என்றார் இளையபெருமாள், தக்காளிச் சாதத்தை விழுங்கிக்கொண்டே. "அஞ்சு பேருல நான் ஒருத்தன். நண்டு எங்க நிக்குது?"

மறுபடி வேலை தொடங்கியது. ஐந்து பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நண்டையே பார்த்தார்கள். ஒரு மணி நேரம் போனது.

"அங்கேயேதான இருக்கு" என்றார் வேம்பு.

"நாலு விரக்கடை வந்திருக்குங்க."

"அது கெடக்கட்டும். நானும் கேக்கணும்னு நெனச்சேன், நண்டு ஏங்க நேரா நடக்குது? வயல் நண்டு பக்கவாட்டுலல்ல போவும்?"

மூன்று வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "கதாநாயகன் பக்கவாட்டுல போனா எப்படிங்க?" என்றார் குழந்தைராஜ் பலவீனமாக.

"கதாநாயகன்னாலும் நண்டுதானங்க."

வேம்பு குனிந்து, நண்டு பிடித்துப் பழகிய கையால் அதைத் திருப்பி வைத்தார். எட்டுக் கால்களையும் எந்தக் கால் முதலில், எந்தக் கால் பிறகு என்று ஒவ்வொன்றாக வளைத்துக் காட்டினார். அப்புறம் ஐந்து பேரும் முறைவைத்து நகர்த்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விண்ணரசியும் வந்து நீலத் தாளைப் பிடித்துக்கொண்டார். திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு இருநூற்று நாற்பதாவது போட்டோ எடுத்தபோது இருநூறு பேர் கைதட்டினார்கள். குழந்தைராஜ் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து விழாவிலிருந்து கடிதம் வந்தது. 'குடும்பத்தோடு கண்டுகளிக்கும் சாகசப் படம் என்று அனுப்பியிருக்கிறீர்கள். இறுதிக் காட்சியில் நண்டுக்குப் பின்னால் போராட்டம் நடக்கிறது. ஷாமியானா தோன்றி மறைகிறது. பொதுமக்கள் கொடியோடு குதிக்கிறார்கள். வருந்துகிறோம்.'

குழந்தைராஜ் கடிதத்தை மடித்து மேசை மேல் வைத்தார். அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் விண்ணரசி மேசையிலிருந்த காவிரியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஊர் பேரு தெரியாத நாலு பேரு கைதட்டணும்னு ஆசைப்பட்டீங்க, சரி. பேரு தெரிஞ்சவங்க தட்டுனா சத்தம் வராதா? கிளம்புங்க."

நடுவாய்க்கால் ரேஷன் கடைச் சுவரில் விண்ணரசியின் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் படம் ஓடியது. கொக்கு வந்தபோது பிள்ளைகள் அம்மா மடியில் முகம் புதைத்தார்கள். நத்தை வெள்ளத்தில் போனபோது இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களும் உச்சுக்கொட்டினார்கள். கடைசி இருபது விநாடி வந்தது. அதுவரை நேராக நடந்த நண்டு சட்டென்று பக்கவாட்டில் திரும்பிப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பின்னால் ஊரே துள்ளியது. அண்டா இடம் மாறியது, வேம்பு மூன்று இடத்தில் முளைத்தார், இளையபெருமாளின் பட்டு வேட்டி பளிச்சென்று வந்து போனது.

"போராட்டத்துக்கே வரலேன்னு சம்சாரத்துக்கிட்ட சொன்னியே, அதோ நிக்குற பாரு" என்று யாரோ கத்த, சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இருபது விநாடியை ஏழு தடவை ஓட்டச் சொன்னார்கள். எட்டாவது தடவை கேட்டவர் வேம்பு. குழந்தைராஜுக்குத் தஞ்சாவூர்க் கடிதம் மறந்தே போய்விட்டது.

கூட்டம் கலையும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் வந்து கும்பிட்டார். தாசில்தாரின் ஜீப் டிரைவர் துரைராசு.

"அதிராம்பட்டினம் பக்கம் மாறுதலாயிருச்சுங்க சார். போறதுக்குள்ள படத்தைப் பாத்துரலாம்னு வந்தேன்."

குழந்தைராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உங்களுக்கும் சிரமம் குடுத்துட்டேன். ஒண்ணுமில்லாத ஒரு நண்டுக்காக, வேகாத வெயில்ல உங்களை வர வச்சுட்டோம்."

துரைராசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்களை யாருங்க சார் வர வச்சா? ஜீப்புக்குள்ள படுதா போட்டு மூடி, பதினாலு எல்லைக் கல்லும் அளவு மிஷினும் வச்சிருந்தோம். குழாய்க்கு அளக்க அன்னிக்கு வந்தது நாங்கதாங்க."